கணிப்பொறியில் யாருடைய ஆட்சி?

கோயிலில் தமிழ் வேண்டும் என்றோம். கல்வியில் தமிழ் வேண்டும் என்றோம். முறைமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றோம். இம்மூன்றிடங்களையும் விட மிகுதியாக நம் பிள்ளைகளின் பகலையும் இரவையும் ஆளுகின்ற இடம் ஒன்றுண்டு. அது கணிப்பொறி. அங்கே யாருடைய ஆட்சி நடைபெறுகின்றது என்று நம்மில் எத்தனைப் பேர் எண்ணிப் பார்த்தோம்?

ஊர்ப்புறப் பள்ளிகளிற் பயின்று கல்லூரி புகும் மாணவரும், நிரலெழுதவும் வலைத்தளம் அமைக்கவும் கற்கத் தொடங்கும் இளைஞரும் இன்று தவறாது கேட்கும் வினா, “எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது?” என்பது. “எல்லாரும் வைத்திருப்பதையே வைத்துக்கொள்” என்பதே அவர்கட்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை. எல்லாரும் ஆங்கிலத்தில் கையெழுத்திடுகின்றனர், நீயும் அவ்வாறே இடு என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

இதனைக் கணிப்பொறியாளர் பேசட்டும், தமிழாசிரியனுக்கு இங்கென்ன வேலை என்று சிலர் வினவலாம். எந்த மொழியில் ஆணையிடுவது, அவ்வாணையின் நெறியை வகுத்தவர் யார், அந்நெறியை மாற்றும் உரிமை யாருக்கு என்பன மொழியுரிமை பற்றிய வினாக்களே. ஆகலின் தமிழாசிரியன் இங்கே வாய்மூடியிருத்தல் ஆகாது.

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் அரசு. விசையை அழுத்தினால் எழுத்தைத் தோற்றுவிப்பதும், கோப்புகளை அடுக்கிக் காப்பதும், ஒரே வேளையில் இயங்கும் பல நிரல்கட்கு நினைவகத்தைப் பங்கிட்டளிப்பதும் அதன் பணி. இன்று மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் பெருவழக்கில் உள்ளவை மூன்று. அமெரிக்க நிறுவனமாகிய மைக்ரோசாப்டின் விண்டோசு ஒன்று. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கு மற்றொன்று. அது அந்நிறுவனம் செய்யும் விலைமிகு பொறிகட்கே உரியது. மூன்றாவது இலினக்சு. 1983-இல் இரிச்சர்டு இசுட்டால்மன் என்பார் கட்டற்ற இயங்குதளம் ஒன்றனை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் இலினசு தோர்வால்சு அதற்குப் பொருந்தும் கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்ததே இன்று நாம் இலினக்சு என வழங்கும் தளம். உபுண்டு, தெபியான், மிண்டு என்பன அதன் வெவ்வேறு பதிப்புகள்.

இவற்றுள் தமிழ் மாணவன் நிரலெழுதக் கற்பதற்கு இலினக்சே ஏற்றது என்பது என் முடிபு. அதற்குக் கரணியங்கள் மூன்று.

முதலாவது, தொழில்நிலை பற்றியது. உலகின் வலைத்தளங்களுட் பெரும்பாலானவை இலினக்சு வழங்கிகளிலேயே இயங்குகின்றன. கையிலுள்ள ஆண்டிராய்டு பேசிக்கு அடியில் இருப்பதும் இலினக்சுக் கருநிரலே. உலகின் தலைசிறந்த 500 மீகணினிகளும் 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் இலினக்சிலேயே இயங்கி வருகின்றன. வலைத்தளம் சமைப்பவன் அது கடைசியில் எங்கே குடியேறுமோ, அந்த இடத்தின் இயல்பைத் தொடக்கத்திலேயே அறிதல் நன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. ஆங்கில எழுத்துகளில் கோப்புக்குப் பெயரிடும் மாணவன், கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு, நிரலுக்குள் அதனையே சிறிய எழுத்தில் தொடங்கி எழுதிவிடுகின்றான். விண்டோசு இயல்பாக இரண்டனையும் ஒன்றாகவே கொள்ளும். அவன் வீட்டுப் பொறியில் படம் தோன்றும். அதனை இலினக்சு வழங்கியில் ஏற்றியவுடன் படம் மறைந்துவிடும். ஏனெனில் இலினக்சுக்கு அவை இருவேறு பெயர்கள். பிழை எங்கே என்று அறியாமல் அவன் இரவெல்லாம் விழித்திருப்பான். தொடக்கத்திலேயே இலினக்சிற் பயின்றவனுக்கு இவ்விடர் முதல் நாளிலேயே புலப்பட்டிருக்கும்.

தமிழ்க் கோப்புகளைக் கையாள்வதிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல் தொல்காப்பியர் வழியில் மூன்றெழுத்து. ஒருங்குறியோ அதனை ஐந்து குறிகளாகப் பிரித்து வைக்கின்றது. பரவலாக வழங்கும் யூ.டி.எப்.-8 என்னும் குறிமுறையில் அது 15 பைட்டு இடம் கொள்ளும். இலினக்சு இக்குறிமுறையையே தன் இயல்பாகக் கொண்டது. விண்டோசோ பழைய மேலைநாட்டுக் குறிமுறைகளின் எச்சங்களை இன்னும் சுமந்து நிற்கின்றது. எனவே, பைத்தான் மொழியின் 3.14 வரையிலான பதிப்புகளில், குறிமுறை இன்னதென்று சொல்லாமல் தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்தால், இலினக்சில் அது நேரே படிக்கப்படும்; விண்டோசில் பொருளற்ற குறிகளாகச் சிதையும், அல்லது பிழையென்று நின்றுவிடும். தன் தாய்மொழியே பிழையென அறிவிக்கப்படுவதை முதற்பாடத்திற் காணும் சிற்றூர் மாணவன் என்ன எண்ணுவான்? தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாத மொழி என்றன்றோ எண்ணுவான்!

இரண்டாவது கரணியம், பொருளும் வாழ்நாளும் பற்றியது. விண்டோசு எக்சு.பி. பதிப்பிற்கான பாதுகாப்புப் பணி 2014 ஏப்பிரல் 8-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. விண்டோசு 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் அதே முடிவு வந்தது. இல்லப் பயனர்க்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் தந்தனர். அடுத்த பதிப்பாகிய விண்டோசு 11, குறைந்தது 4 கிகாபைட்டு நினைவகமும், 64 கிகாபைட்டுச் சேமிப்பிடமும், பாதுகாப்புக்கென்று தனிச்சில்லும் கேட்கின்றது. பொறி நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும்போதே, “இது செத்தது, புதிது வாங்கு” என்று கடல் கடந்த நிறுவனம் ஒன்று நமக்கு நாள் குறிக்கின்றது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் வந்த பொறிகள் திருப்புலிவனத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வீட்டுப் பரண்மேல் தூசு படிந்து கிடக்கின்றன. புது விண்டோசை அவற்றுட் பல தாங்கமாட்டா. எடை குறைந்த இலினக்சுப் பதிப்பு ஒன்றை நிறுவினால், நிரல் பயிலவும், வலைப்பக்கம் எழுதவும், தமிழில் தட்டச்சிடவும் அவற்றுட் பலவும் மீண்டும் எழும். அண்ணன் வைத்த பொறியில் தங்கை கற்கலாம். உரிமத் தொகை ஒரு காசும் இல்லை.

மூன்றாவது கரணியமே தலையாயது. அஃது உரிமை பற்றியது. இலினக்சின் மூலநிரல் யார் கண்ணுக்கும் திறந்து கிடக்கின்றது. விரும்பியவாறு இயக்கவும், உட்புகுந்து படித்து மாற்றவும், பிறர்க்குப் படியெடுத்துத் தரவும், மாற்றியதையே பரப்பவும் நமக்கு உரிமையுண்டு. விண்டோசின் மூலநிரல் பூட்டிய பெட்டி. அதற்குள் தமிழ் எவ்வளவு இடம்பெறும் என்பதை அவ்வாணிகரே முடிவு செய்வர்.

நடந்ததைப் பாருங்கள். 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை உருப்பெற்றது. தமிழக அரசும் அதனை ஏற்றது. அவ்விசைப்பலகை விண்டோசுக்குள் தானாகவே இடம்பெற ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆயின! அதுவரை நம் இளைஞர் எ-கலப்பை போன்ற கருவிகளைத் தாமே ஆக்கி மக்களுக்கு விலையின்றி வழங்கினர். அரசே ஏற்ற விசைப்பலகைக்கு அயலான் வாயிலில் இருபதாண்டுக் காத்திருப்பு! திறந்த தளமாயின், யாரும் வாயிலில் நிற்க வேண்டியதில்லை; உள்ளே சென்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைமுறையின் நெறிகளைக் கூறுகின்றன. யார் நிற்கலாம், யார் நிற்றலாகாது, கணக்குக் காட்டாதவனை எவ்வாறு விலக்குவது என்பனவெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. மறை பயின்றோர்க்கே அவ்வவையில் இடமிருந்தது, உழைத்த மக்கள் வெளியே நின்றனர் என்னும் குறையை மறைக்க வேண்டா. எனினும் ஊரை ஆளும் நெறி ஊரார் கண்முன் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்னும் உணர்வு ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்பே இங்கிருந்தது. நம் பிள்ளைகளை ஆளும் இயங்குதளத்தின் நெறி மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாமோ?

எதிர்வாதங்களையும் எண்ணிப் பார்ப்போம். விண்டோசு அறிந்தால்தானே வேலை கிடைக்கும் என்பர். அலுவலகக் கணக்கு வேலைக்கு அது பொருந்தலாம். வலைத்தளமும் வழங்கியும் பற்றிய வேலைக்கு இலினக்சு அறிவைக் கேட்காத நிறுவனம் அரிது. சில மென்பொருள்கள் விண்டோசில் மட்டுமே இயங்கும் என்பர், உண்மையே. ஆப்பிள் பேசிக்குச் செயலி செய்வோர்க்கு மேக்குப் பொறி தேவைப்படுவதும் உண்மையே. அத்தகையோர் ஒரே பொறியில் இரண்டு தளங்களையும் வைத்துக்கொள்ளலாம். 2016 முதல் மைக்ரோசாப்டு நிறுவனமே விண்டோசுக்குள் இலினக்சை இயக்கும் ஏந்தினைச் செய்து தந்துள்ளது. நிரலாளர்க்கு இலினக்சு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இலினக்சிலும் தமிழுக்குக் குறைகள் உள. ஆணைகளைத் தட்டச்சிடும் கரும்பலகை போன்ற முனையத்தில் தமிழ் உயிர்மெய்கள் பல பதிப்புகளிற் பிரிந்து உடைந்து தோன்றுகின்றன. பட்டிகளின் தமிழாக்கம் பாதியில் நிற்கின்றது; ஆக்கியவற்றுள்ளும் பொருந்தாச் சொற்கள் மலிந்துள்ளன. இக்குறைகட்கு யார் பொறுப்பு? விண்டோசில் குறையிருந்தால் அயலானைக் குறை சொல்லலாம். இங்கே கதவு திறந்திருக்கின்றது; உள்ளே சென்று செப்பஞ்செய்யாதவர் நாம்தாம்!

நம் நிலை இதுவாக, அண்டை நாட்டைக் காணுங்கள். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் சில ஆண்டுகளிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. மலையாளம் ஏற்ற தனி இலினக்சுப் பதிப்பே அம்மாநிலப் பள்ளிகட்கென்று ஆக்கப்பட்டு வழங்குகின்றது. இங்கே, எக்சு.பி. முடிவுற்ற 2014-இல் தமிழக அரசும் தன் துறைகளைப் ‘பாசு’ என்னும் இலினக்சுக்கு மாறச் சொன்னது. அது சென்னையிலுள்ள சி-டாக் நடுவத்தார் ஆக்கியது. மாணவர்க்களித்த மடிக்கணினிகளிலும் விண்டோசோடு அது சேர்ந்தே வந்தது. என்ன பயன்? அதனைத் திறந்து காட்டும் ஆசிரியர் இல்லை. பாடநூலும் தேர்வும் அதன்வழி நடைபெறவில்லை. இரண்டு கதவு வைத்து, ஒன்றைக் காட்டாமலே விட்டால், மாணவன் எவ்வழிச் செல்வான்?

ஆகவே செய்யத்தக்கன இவை. அரசு, மேனிலைப் பள்ளிக் கணிப்பொறிப் பாடத்தின் செய்முறையைக் கட்டற்ற தளத்தில் நடத்தி, ஆசிரியர்க்கு அதிற் பயிற்சி அளித்தல் வேண்டும். மாணவர், உள்ள தளத்தை அழிக்கும் முன் இலினக்சை ஒரு விரலியில் ஏற்றி அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். பொறியில் எதுவும் மாறாது. பழகியபின் நிறுவலாம், நிறுவுமுன் தம் கோப்புகளை வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் கட்டாயம். தமிழிற் கற்க நூல் இல்லையே என வருந்த வேண்டா. 2012 முதல் வெளிவரும் கணியம் என்னும் மின்னிதழும் அதனைச் சார்ந்த நூல்களும் இலினக்சையும் வலைநிரலையும் எளிய தமிழில் விலையின்றிக் கற்பிக்கின்றன. முத்து அண்ணாமலை என்பார் எழில் எனும் தமிழ் நிரல்மொழியையே ஆக்கிக் காட்டியுள்ளார்.

தமிழாசிரியர்க்கும் ஒரு சொல். சொல்லாக்கத்தைப் பட்டியலாக அச்சிட்டு அடுக்கி வைத்தது போதும். கோப்பு, கோப்புறை, சாளரம், சேமி, திற என்னும் சொற்கள் திரையில் ஏறினால்தான் நாவில் ஏறும். நிரலறிந்த இளைஞன் ஒருவனும் சொல்லறிந்த ஆசிரியர் ஒருவரும் கிழமைக்கு ஒரு மாலை ஒன்றாய் அமர்ந்தால், ஓராண்டில் ஓர் இயங்குதளத்தின் தமிழ் முகத்தைச் செப்பஞ்செய்துவிடலாம். இதற்கு அரசாணை வேண்டா; அயலான் ஒப்புதல் வேண்டா; உழைப்பு ஒன்றே வேண்டும்.

ஆட்சிமொழி தமிழ் என்று 1956-இல் சட்டம் இயற்றினோம். அச்சட்டம் கணிப்பொறிக்குள் செல்ல வேண்டுமாயின், அதனைக் கொண்டுசெல்லும் கைகள் நம்முடையனவாக இருத்தல் வேண்டும். கதவு திறந்தே இருக்கின்றது. தமிழ் இளைஞனே, உள்ளே செல்!