மார்கழி விடியலில் நாயோடு ஒரு ஓட்டம்!

திருச்சியில் குளிர்காலம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். டிசம்பர் பின்பாதியிலிருந்து பொங்கல் தாண்டும் வரை விடியற்காலையில் 20, 21 டிகிரி. அதற்கே நம்மூரில் மங்கி குல்லாவும் மஃப்ளரும் வெளியே வந்துவிடும். நமக்கு அது குளிரோ இல்லையோ, வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு வருடத்திலேயே அருமையான நேரம் இதுதான். நாயைக் கூட்டிக்கொண்டு நிஜமாகவே ஓடலாம்.

மற்ற மாதங்களில் ஏன் கூடாது? நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மீதி வெப்பத்தை நாக்கைத் தொங்கவிட்டு, மூச்சு வாங்கித்தான் அது வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் சூடே 38 டிகிரிக்கு மேல். சித்திரை வெயிலில் அது 41-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. 'அது பாட்டுக்கு ஓடி வருதே' என்று நினைக்காதீர்கள். நீங்கள் ஓடினால், முடியாவிட்டாலும் அது ஓடி வரும். நாயிடம் இருக்கிற பிரச்னையே அதுதான்.

எங்கள் வீட்டில் இருப்பது நாட்டு நாய். பெயர் கருப்பு, நிறம் பழுப்பு. ஏன் என்று என் தம்பியைத்தான் கேட்க வேண்டும். ஐந்தரை மணி இருட்டில் தனியாக ஓடப் போகிறேன் என்றால் அம்மா செருப்பை ஒளித்து வைப்பார். கருப்பு கூட வருகிறான் என்றால் 'சரி, சீக்கிரம் வந்துடு' என்பதோடு முடிந்துவிடும். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் வர ஆறரை ஆகிவிடும். ஆக, ஓட்டத்தில் பாதி இருட்டில்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு நாய் இருப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஓடிப் பார்த்த பெண்களுக்குத் தெரியும். பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்ப்பது பாதியாகக் குறைந்துவிடும்.

எங்கே ஓடலாம்? ஸ்ரீரங்கவாசிகளுக்குக் கொள்ளிடம் பழைய பாலம் ஞாபகம் இருக்கும். 1928-ல் கட்டிய இரும்புப் பாலம். புதுப்பாலம் வந்த பிறகு வண்டிகள் நின்றுபோய், காலை நடைக்குத் தோதான இடமாக இருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்ததோடு அந்தக் கதை முடிந்தது. வண்டி வராத அப்படி ஓர் இடம் அதற்குப் பிறகு கிடைக்கவில்லை என்பது என் சொந்தப் புலம்பல். காவிரிப் பாலம் காற்றுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதிகாலையிலேயே பஸ்கள் பறக்கும். ஹாரனுக்கு மிரளும் நாயை அங்கே கூட்டிப் போகாதீர்கள். ஆற்றங்கரை மண் பாதை நல்லது. வந்ததும் பாதத்தில் நெருஞ்சி முள், காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மழை விட்ட சமயம் என்பதால் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

சித்திரை வீதி, உத்தர வீதிகளில் மார்கழியில் ஓடுவது தனி அனுபவம். ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசலெல்லாம் சாணம் தெளித்த ஈரம், அதன் மேல் கோலம், நடுவில் பூசணிப் பூ. ஆனால் நாயின் நாலு காலுக்கும் கோலம் தெரியாது. அரை மணி நேரம் குனிந்து போட்ட இருபத்தொரு புள்ளிக் கோலத்தில் ஒரு பாதச்சுவடு விழுந்தால், அந்த மாமியின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! வீடுகள் இருக்கும் வீதியில் நடுரோட்டில் ஓடுங்கள், கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். பிரசாதத் தொன்னைகள் கிடக்கும் இடத்தில் நாய் சடாரென்று இழுக்கும். நெய்ப் பொங்கல் வாசனைக்கு முன்னால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். கூட்டத்துக்கும் நல்லதல்ல, நாய்க்கும் நல்லதல்ல. அசிங்கம் பண்ணினால் அள்ள பழைய பேப்பரும் கவரும் கையில் இருக்கட்டும்.

இப்போது நிஜமான பயத்துக்கு வருவோம்: தெரு நாய்கள். மனிதர்களிடமிருந்து எனக்குத் துணையாக வரும் அதே கருப்புதான் தெரு நாய்களை என் பக்கம் இழுத்து வருகிறான். நான் தனியாகப் போனால் தலையைக்கூடத் தூக்காத நாய்கள், அவனைப் பார்த்ததும் நாலு பேராக எழுந்து வருகின்றன. அவை தங்கள் தெருவைக் காக்கின்றன, அவ்வளவுதான். அதிலும் மார்கழியில் குட்டி போட்ட தாய் நாய்கள் ஆங்காங்கே இருக்கும். குலைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள். ஓடுகிற எதையும் துரத்துவது அவற்றின் இயல்பு. உங்கள் நாயை உடம்போடு ஒட்டி நிறுத்தி, கண்ணுக்குக் கண் பார்க்காமல், மெதுவாக வந்த வழியே நகருங்கள். கல்லெடுக்க வேண்டாம், நாளைக்கும் அதே தெருவில்தான் வரப் போகிறீர்கள். காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்ட நாய் என்று அர்த்தம். கருத்தடை, தடுப்பூசி முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு.

மீறிக் கடித்துவிட்டால்? சின்னக் கீறலாக இருந்தாலும் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். கையில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-வது நாள் என நான்கு தடவை. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்தால் பிழைப்பது அனேகமாக நடக்காத காரியம். உலகத்தில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருடா வருடம். அந்த அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு ஷூ மாட்டுங்கள்.

எல்லா நாயும் ஓட்டத்துக்கு ஆகாது. மூக்கு சப்பையான பக் வகையை நடையோடு விடுங்கள். ஒன்றரை வயது ஆகாத குட்டிக்கு எலும்பு முற்றியிருக்காது, விளையாட்டு போதும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் ஓடவே பிறந்தவை. ஆனால் அணிலைப் பார்த்தால் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கழுத்துச் சங்கிலியைவிட மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் நல்லது. ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும். முதல் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை, மொத்தம் இருபதே நிமிடம். நாக்கு அகன்று தொங்கினால், பின்தங்கினால், அன்றைக்கு அவ்வளவுதான்.

தை முடியும் வரை கவலையில்லை. மாசி பிறந்ததும் கிளம்பும் நேரத்தை அரை மணி முன்னால் இழுங்கள். திரும்பி வரும்போது புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லையா? மறுநாளிலிருந்து நாய்க்கு மொட்டைமாடிதான், கார்த்திகை வரைக்கும்.