இசையா, இரைச்சலா?

இசைக்கு இசையாத உள்ளம் உலகில் உண்டோ? ஆயினும், எது இசை என்று கேட்டுவிட்டால் வீட்டுக்கு வீடு வழக்குத்தான்! இவ்வாண்டு எங்கள் வகுப்பு இலக்கிய மன்றத்தில், "டி.ஜே. தருவது இசையா, இரைச்சலா?" என்றொரு பட்டிமன்றம் நடந்தது. 'இரைச்சலே' என்று முழங்கிய அணியினர் நாங்கள். "பிறர் பாடியதை ஓடவிட்டுப் பொத்தானை அழுத்துபவர் கலைஞர் என்றால், மின்விசிறியைப் போடுபவரும் கலைஞரே!" என்றோம். கைதட்டல் எழுந்தது, வெற்றியும் கிட்டியது. ஆனால் எதைப் பழித்தோமோ அதைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பது பின்னரே புரிந்தது. அக்குறையைத் தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

"ஹவுஸ் இசையை ஒருமுறை கேட்டுவிட்டாவது திட்டுங்களடி!" என்றாள் எதிரணித் தோழி. கேட்டோம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 முதல் 130 தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் தவறாமல் ஒலிக்கும் பெருமுரசு. முதலில் சலிப்பே தட்டியது. பொறுமையோடு கேட்கக் கேட்க, மாறாத அந்தத் தாளத்தின்மேல் ஒரு கைதட்டல் வந்து சேர்வதும், ஒரு குரல் மெல்ல விலகுவதும் காதில் விழுந்தன. இது எங்கே பிறந்தது என்று தேடத் தொடங்கினோம்.

பிறந்த ஊர் அமெரிக்காவின் சிகாகோ. அங்கே 'வேர்ஹவுஸ்' என்ற நடனக் கூடத்தில் 1977 முதல் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் பிராங்கி நக்கிள்ஸ். அக்கூடத்தின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' என்ற பெயர் வந்தது என்பர். அங்கே கூடியவர் யார்? கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும், அவர்களுள்ளும் தன்பால் ஈர்ப்பின் காரணமாக ஊரார் ஒதுக்கியவர்களுமே பெரும்பாலோர். வேறெங்கும் இடமில்லாதோர்க்கு அது நிழல் தரும் மரமாயிற்று.

1979 ஜூலை 12 அன்று அதே நகரின் பேஸ்பால் மைதானம் ஒன்றில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர். மக்கள் கொண்டுவந்தவற்றுள் டிஸ்கோவே அல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததைக் கண்டதாக அவர் பின்னாளில் கூறினார். ஒரு சிந்தசைசர் வாங்கவே அவர் பணம் சேர்த்துக் கொண்டிருந்தார். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' என்ற பாடலின் ஆக்கத்தில் பங்குகொண்டவர் அவரே. முதல் ஹவுஸ் இசைத்தட்டு எனப் பலரும் போற்றுவது அதனைத்தான். வெடிவைத்த ஊரிலேயே விதை முளைத்தது பார்த்தீர்களா!

சரி, டி.ஜே. செய்வதுதான் என்ன? ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை அதனோடு தட்டுக்குத் தட்டு பொருத்த வேண்டும். ஒன்று நிமிடத்திற்கு 120 தட்டு, மற்றொன்று 121 என்றால், அரை நிமிடத்தில் அரைத் தட்டு விலகிவிடும். எங்களுள் ஒருத்தியின் பழைய மடிக்கணினியில், தானாகப் பொருத்தும் வசதியை நிறுத்திவிட்டு முயன்றோம். ஒரு காளை முந்த, மறுகாளை பிந்த, வண்டி குடைசாய்ந்தது! ஒரு காதில் ஓடும் பாட்டையும் மறுகாதில் வரவிருக்கும் பாட்டையும் கேட்டுப் பொருத்த எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. மின்விசிறியைப் போட மூன்று வாரம் பழக வேண்டுமா என்ன? பட்டிமன்றத்தில் சொன்னதை எண்ணி வெட்கினோம்.

வீட்டிலேயே இசை ஆக்குவோர் கதை இன்னும் இனிது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கிதார் பயில்வோர்க்குத் துணையாக 'டி.பி.-303' என்ற சிறு கருவியைச் செய்தது. அது விலைபோகவில்லை, 1984இல் தயாரிப்பு நின்றது. பழைய பொருளாக மலிவாகக் கிடைத்த அதனைச் சிகாகோ நண்பர் மூவர் திருகித் திருகி, யாரும் கேளாத ஒலியை எழுப்பினர். டி.ஜே. ரான் ஹார்டி அதை முதன்முறை ஒலிக்கவிட்டபோது ஆடியவர்கள் விலகிப்போனார்கள் என்றும், அதே இரவில் நான்காம் முறை ஒலித்தபோது ஆர்ப்பரித்தார்கள் என்றும் மூவருள் ஒருவரான பியர் நினைவுகூர்ந்துள்ளார். 1987இல் வெளிவந்த 'ஆசிட் டிராக்ஸ்' அதுவே. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1982இல், நம் நாட்டின் சரண்ஜித் சிங் இதே கருவியையும் பயன்படுத்திப் பத்து ராகங்களை இசைத்து வெளியிட்டார். அன்று அதை அதிகம் பேர் வாங்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது உலகமே வியந்தது.

"இரவுக் கூடம், குடி, கூத்து, பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு?" எனப் பெரியோர் கேட்கக்கூடும். அக்கவலையில் நியாயம் உண்டு. கூடங்களில் தீய பழக்கங்கள் நுழைந்ததை மறுக்கவில்லை. ஆனால் 1980களின் தொடக்கத்தில் சிகாகோ இளைஞர்கள் ஹவுஸ் இசைக்கு ஆடிய புகழ்பெற்ற இடங்களுள் ஒன்று, மெண்டல் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி! அக்காலத்திலேயே அந்நகரில் லோரி பிராஞ்ச் என்ற பெண்ணும் தட்டு சுழற்றினார். கெடுதல் இசையில் இல்லை. இசையைச் சூழ்ந்தவற்றில் இருக்கிறது. வீட்டு மேசையில் பகல் வேளையில் பயின்றால் யாருக்கு என்ன தீங்கு? பாட்டுக்கு ஆடுவதோடு நம் பங்கு முடிந்துவிட வேண்டுமா? ஆக்கும் கருவியையும் நம் கைகள் தொடட்டுமே!

கேட்காமலே பழிப்பது எளிது. கைதட்டலும் அதற்கு விரைவில் கிடைக்கும். கேட்டுவிட்டுப் பேசுவதோ கடினம். தோழியரே, அடுத்த ஆண்டும் இதே தலைப்பில் பட்டிமன்றம் நடக்குமானால், எதிரணியில் எங்களுக்கு இடம் கொடுங்கள். இம்முறை தோற்றாலும் கவலையில்லை!