எட்டு மில்லிமீட்டர் படம் பிழைக்க வேண்டுமா?

உங்கள் வீட்டில் உள்ள கைப்பேசியைக் கொண்டு ஒரு மணி நேரம் படம் பிடித்தாலும் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. இந்தக் காலத்தில் 3 நிமிடம் 20 விநாடி மட்டுமே ஓடும் ஒரு படத்துக்காக ஒருவர் பல ஆயிரம் ரூபாய் செலவிடுகிறார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். 'சூப்பர் 8' என்னும் சிறிய பிலிமில் இன்றும் படம் எடுப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு சுருள் 30 டாலருக்கு மேல் விற்கிறது. அதைக் கழுவுவதற்கும், கம்ப்யூட்டரில் பார்க்கும்படி மாற்றுவதற்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களைப் பின்பற்றுங்கள் என்றும் நான் சொல்லப் போவதில்லை.

சிறிய பிலிமின் வரலாறு முழுவதும் செலவைக் குறைக்கும் முயற்சிதான். திரையரங்குகளில் ஓடிய 35 மி.மீ. பிலிம் அந்நாளில் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். இதை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? ஆகவே 1923-இல் கோடாக் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கென 16 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்தபோது, எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டில் அதைச் செய்தது. விலை மட்டும் சாதாரண மக்களுக்கு எட்டவில்லை.

பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1932-ஆம் ஆண்டில் 8 மி.மீ. பிலிம் வந்தது. அதில் இருந்த தந்திரத்தைக் கவனியுங்கள். 16 மி.மீ. பிலிமையே 25 அடி நீளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஒரு பாதியில் மட்டும் படம் பதிவாகும். சுருளைத் திருப்பிப் போட்டால் மறு பாதியில் பதிவாகும். கழுவிய பிறகு நடுவே நீளவாக்கில் கிழித்து ஒட்டினால் 50 அடிப் படம் கிடைக்கும். அடிக்கு 80 படங்கள் வீதம் மொத்தம் 4,000 படங்கள். அதே 4,000 படங்களுக்கு 16 மி.மீ. முறையில் 100 அடி பிலிம் வேண்டும். அதாவது கால் பங்குப் பிலிமில் அதே நேரம் ஓடும் படம்! எனக்குத் தெரிந்த சிக்கனங்களில் மிக அழகானது இதுதான்.

1965-இல் வந்த சூப்பர் 8, பிலிமின் ஓரத் துளைகளைச் சிறிதாக்கி, படத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் கொடுத்தது. சுருளைத் திருப்பும் வேலையும் இல்லை. பெட்டியோடு காமிராவில் செருகினால் போதும்.

இந்தச் சிக்கனத்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு 1,10,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவழியினரை வீடு வாசலிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தது. அவர்களிடம் காமிரா இருக்கக் கூடாது என்பது உத்தரவு. யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் அடைக்கப்பட்டிருந்த டேவ் தட்சுனோ என்பவர் தம் 8 மி.மீ. காமிராவை இரகசியமாக வரவழைத்து, முகாம் வாழ்க்கையைப் படமெடுத்தார். அவர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். பொழுதுபோக்காகப் படம் எடுத்தவர். 1996-இல் அந்தப் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பெற்றது. அரசாங்கக் காமிராக்கள் எடுத்த முகாம் படங்களும் உண்டு. ஆனால் முள்வேலிக்கு உள்ளே இருந்தவரின் கண்ணால் பார்ப்பது வேறல்லவா? பெரிய, விலை கூடிய காமிராவால் இது நடந்திருக்காது.

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட காட்சியும் ஆப்ரஹாம் ஸப்ரூடர் என்ற துணி வியாபாரியின் 8 மி.மீ. காமிராவில்தான் பதிவாயிற்று. 486 படங்கள், அரை நிமிடம்கூட இல்லை. இன்றுவரை அதை வைத்து வாதாடுகிறார்கள்.

சரி, இந்தப் பிலிம் ஏன் இவ்வளவு விலை விற்கிறது? வெள்ளி ஒரு காரணம். பிலிமின் மேல் உள்ள எமல்ஷன் என்னும் ஒளியுணர் பூச்சில் வெள்ளி உப்புகள் இருக்கின்றன. 1979-இன் தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்த வெள்ளி, சிலர் வாங்கிக் குவித்ததால் 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. பிலிம் விலையும் ஏறியது. வீடியோ காமிரா வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய நேரமும் அதுதான்.

வெள்ளியைவிடப் பெரிய காரணம் தொழிற்சாலை. அகலமான அசிட்டேட் தாளில், கும்மிருட்டில், பல மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பிறகு குறுகிய நாடாக்களாக வெட்டுகிறார்கள். இத்தகைய ஆலையைக் குடிசைத் தொழில்போல் நடத்த முடியாது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் பிலிம் தந்த நம் அரசு ஆலை இன்று மூடிக்கிடக்கிறது. கோடாக்கே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2015-இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் தொடர்ந்து பிலிம் வாங்குவதாக ஒப்பந்தம் செய்தன, ஆலை ஓடுகிறது. அதே எமல்ஷனைத்தான் குறுக வெட்டி சூப்பர் 8 பெட்டியில் அடைக்கிறார்கள். ஆக, பொழுதுபோக்குப் படக்காரர்கள் பெரிய வண்டியில் தொற்றிக்கொண்டு போகும் பயணிகள்தாம்.

வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கோடாகுரோம் சாட்சி. 1935-இல் பிறந்த வண்ணப் பிலிம் அது. அதன் வண்ணச் சாயங்கள் பிலிமில் கிடையா. கழுவும்போதுதான் இரசாயனங்கள் மூலம் உண்டாகும். எனவே வேறெந்தப் பிலிமுக்கும் இல்லாத தனி இயந்திரமும் தனி இரசாயனமும் தேவை. உலகில் கடைசியாக அதைக் கழுவிய கூடம் அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010-ஆம் ஆண்டு முடிவோடு அங்கும் அந்த வேலையை நிறுத்தினார்கள். அதற்குப் பின் எங்கேனும் ஓர் அலமாரியில் கழுவாத சுருள் கிடைத்தால், கறுப்பு வெள்ளையில் ஏதோ நிழலாட வைக்கலாம். வண்ணம் வராது.

இதனால்தான் இன்று பணம் செலவழித்துச் சூப்பர் 8 எடுப்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுடைய படம் கைப்பேசிப் படத்தைவிடச் சிறந்தது என்பதற்காக அல்ல. தெளிவில் கைப்பேசியே மேல். ஆனால் அவர்கள் கொடுக்கும் காசில்தான் கழுவும் கூடங்களும் பிலிமை வருடும் கருவிகளும் அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் பிழைத்திருக்கின்றன. பழைய வீட்டுப் படங்கள் மீட்கப்படுவதும் அதே கருவிகளால்தான். பிரான்சில் பாரிஸுக்கு அருகே 'லபோமினாப்ள்' என்ற கூட்டுக்கூடத்தில், வியாபார நிறுவனங்கள் கழித்துவிட்ட இயந்திரங்களை வைத்துக்கொண்டு கலைஞர்களே தங்கள் பிலிமைக் கழுவிக்கொள்கிறார்கள். இதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. கோடாக் 2016-இல் அறிவித்து 2023-இல் விற்பனைக்கு விட்ட புதிய சூப்பர் 8 காமிராவின் விலை 5,495 டாலர்! ஏழைகளுக்கும் எட்ட வேண்டும் என்று பிறந்த பிலிமுக்கு இப்படியொரு காமிராவா?

உங்களிடம் பணம் இருந்தால் புதுப் பிலிமுக்கு முன்னால் பழைய சுருளுக்குச் செலவிடுங்கள். உறவினர் வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ தகர டப்பாவில் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். திறந்தவுடன் காடி நெடி அடித்தால் அசிட்டேட் சிதைகிறது என்று அறியலாம். வெளிவரும் அசிட்டிக் அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆசைப்பட்டுப் புரொஜக்டரில் ஓட்டாதீர்கள்; சுருங்கிய பிலிமின் துளைகள் கிழிந்துபோகும். ஓர் அடிக்கோலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும், அது எந்த வகை என்று கண்டுபிடிக்க. அகலம் 8 மி.மீ. இருந்து, ஓரத்துளை இரண்டு படங்களுக்கு இடையில் உள்ள கோட்டுக்கு நேராக இருந்தால் 1932-இன் பழைய வகை. துளை சிறியதாகவும் ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதிக்கு நேராகவும் இருந்தால் சூப்பர் 8.