படம் போட்ட புத்தகம் யாருக்கு?



வேங்கிக்காலிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை கேட்டு அடம்பிடிக்கிறானாம். "பொம்மைப் புத்தகம்தானே, கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடலாமா?" என்கிறார். போளூரில் ஒரு தாத்தாவுக்கு வேறு கவலை. பேத்தி படக்கதையையே கட்டிக்கொண்டு அழுகிறாளாம், நல்ல புத்தகம் எப்போது படிப்பாள் என்று கேட்கிறார். ஒருவர் தாராளம், இன்னொருவர் கண்டிப்பு. ஆனால் படம் என்றாலே சின்னப் பிள்ளைச் சமாச்சாரம் என்பதில் இருவரும் ஒரே கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. படக்கதையிலும் வயதுக்கு வயது வேறுபாடு உண்டு.

1972-ல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு வந்தது முத்து காமிக்ஸ். இன்று அந்தப் பதிப்பகத்தின் லயன்-முத்து வெளியீடுகளில் லக்கி லூக்கும் உண்டு, இரத்தப் படலமும் உண்டு. முன்னதைப் பத்து வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துப் படிக்கும். பின்னது கொலையும் சதியுமாகப் பெரியவர்களுக்கான கதை. பதிப்பகத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது. (லக்கி லூக்கின் வாயிலிருந்த சிகரெட்டுகூட 1983-ல் புல்லாக மாறிவிட்டது. பழைய கதைகளில் இன்னும் புகைகிறது!)

மாங்காவில் வயதறிந்து வாங்கும் வேலை கொஞ்சம் சுலபம். ஜப்பானில் வயதுவாரியாகவே இதழ் நடத்துகிறார்கள். நம் கடைகளுக்கு வரும் ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் அட்டையிலேயே சின்னதாக வயதுக் குறி இருக்கும். ஐந்து வயதுச் சுட்டிப்பெண்ணின் அன்றாடக் குறும்புகளைச் சொல்லும் யோட்சுபாவைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். ஒன் பீஸும் நருட்டோவும் பதின்வயதினருக்கு என்று போட்டிருப்பார்கள். மனிதர்கள் போலிருக்கும் ராட்சதர்கள் மனிதர்களைத் தின்னும் அட்டாக் ஆன் டைட்டனுக்குப் பதினாறாவது ஆகட்டும். இன்னொன்று, மாங்கா வலமிருந்து இடமாகப் போகும். நாம் முதல் பக்கம் என்று புரட்டுவது கதையின் முடிவாக இருக்கும். எப்படிப் படிப்பது என்று மகனையே சொல்லித்தரச் சொல்லுங்கள். வாத்தியார் ஆகிற சந்தோஷத்தில் கதையையும் சொல்லிவிடுவான்.

போளூர் தாத்தாவுக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன்: பீமாயணம். அம்பேத்கரின் வாழ்க்கையைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியத் தம்பதி வரைந்தது. தமிழில் காலச்சுவடு வெளியிட்டிருக்கிறது. 1901-ல் பத்து வயதுப் பையனுக்குப் பள்ளியில் தண்ணீர் மறுக்கப்படுவதில் கதை தொடங்குகிறது. வழக்கமான கட்டங்களே கிடையாது. ரயில் பாம்பாக நெளிகிறது. அன்பாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை உருவத்துக்குள் இருக்கின்றன. சாதித்திமிரோடு பேசுகிறவர்களின் சொற்களுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கிறது. ஒரே பக்கத்தில் அரை மணி நேரம் நிற்கலாம். பேத்தியோடு சேர்ந்து படியுங்கள் ஐயா. அவள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அடுத்த பௌர்ணமிக்குள் எழுதுங்கள். அவர்களே படக்கதையாக வரைந்து அனுப்பினாலும் போடுகிறோம். கட்டம் கோணலாக இருந்தால் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்
திருவண்ணாமலை