திரை மினுங்கினால் போதுமா?



கல்யாண அல்பத்துக்குப் படம் அடிக்கக் கொடுத்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் புதிதல்ல. "குளொஸியா, மெட்டா?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்பார். பளபளப்பது குளொஸி, பளபளப்பு இல்லாதது மெட். மடிக்கணனித் திரையிலும் இதே இரண்டு வகை உண்டு. ஆனால் கணனிக் கடையில் இக்கேள்வியை நம்மிடம் கேட்பவர் குறைவு. ரெம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று சொல்வார்கள். திரைக்கு "நல்ல கிளியர்" என்ற ஒரே சொல்தான்.

அண்மையில் ஒரு தங்கச்சி என்னிடம், "ராத்தா, மினுங்குற ஸ்கிரீன்தான் நல்லதாம், உண்மையா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். திரை கடையில் எப்படி மினுங்குகிறது என்பதைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் அதை எங்கே வைத்து வேலை செய்யப் போகிறீர்கள் என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

யுத்தத்திலும், 2004 டிசம்பர் 26 இன் கடற்பேரழிவிலும் உழைப்பவரை இழந்த வீடுகள் நம் கரையோரத்தில் ஏராளம். அந்த வீடுகளில் இன்று பெண்தான் குடும்பத்தைச் சுமக்கிறாள். தட்டச்சு, அழைப்பிதழ், கடைக் கணக்கு, பிள்ளைகளுக்கு வகுப்பு எனக் கணனியைக் கொண்டு வீட்டிலிருந்தே உழைப்பவர்களும் நம்மிடையே உள்ளனர். சீட்டுக் காசும் கடன் காசும் சேர்த்து வாங்கும் பொருள் அது. பல கணனிகளில் ரெம்மைப் பிறகும் கூட்டலாம். திரையை மாற்றுவதென்றால் பெருஞ்செலவு.

பளபளப்புத் திரை கண்ணாடி போன்றது. தன்மீது நேரே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 4 பங்கு அளவைச் சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பு திருப்பி அனுப்பும். நாலு பங்குதானே என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த கணனித் திரைகள் பலவற்றின் பிரகாசம் 250 நிட்ஸ் அளவுதான். வெயிலடிக்கும் வெள்ளை மதிலின் பிரகாசம் பத்தாயிரத்தைத் தாண்டும். அதில் 4 பங்கு என்றால் 400. அதாவது, திரையிலுள்ள எழுத்தை விட மதிலின் நிழலுருவே கூடப் பிரகாசமாகத் தெரியும்.

மெட் திரையின் மேற்பரப்பு மிக நுண்ணிய சொரசொரப்பு உடையது. அது வெளிச்சத்தை விழுங்கிவிடுவதில்லை, சிதறடிக்கிறது. அதனால் மதிலோ, டியூப் லைட்டோ, நமது முகமோ உருவமாகத் தெரியாமல் எழுத்து வாசிக்கத் தெரியும். ஆனால் நேர் வெயில் விழுந்தால் மெட் திரையும் முழுதாக வெளுத்துப் போகும். நிறங்களும் சற்று மங்கலாகத் தெரியும்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நம் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். காலையில் கடல் பக்கத்திலிருந்தும், பின்னேரம் வயல் பக்கத்திலிருந்தும் வெயில் சாய்ந்து உள்ளே வரும். இப்படியான வீட்டில் மேசை போட நமக்குக் கிடைக்கும் இடம் எது? அறை பிள்ளைகளுக்கு, மண்டபம் வருகிறவர்களுக்கு. மிஞ்சுவது விறாந்தையும் குசினிக் கதவடியும்தான். அங்கே உட்கார்ந்து உழைப்பவர்களுக்கு மெட் திரையே பொருத்தம்.

இன்னொரு காரணமும் உண்டு. தெறிப்பை வெல்ல வேண்டுமென்று திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் பற்றரி சீக்கிரம் இறங்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் மறக்கவில்லை.

உள்ளறையில் வேலை செய்பவருக்குப் பளபளப்புத் திரை நல்லதுதான். மருதமுனை நெசவுக்கு டிசைன் போடுபவர்களுக்கு அதில் நிறம் ஆழமாகத் தெரியும். எனினும் கடைசித் தீர்ப்பை நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே சொல்ல வேண்டும்.

1990 இல் ஐரோப்பிய சமூகம் கணனித் திரையில் வேலை செய்வோருக்காக ஒரு பணிப்புரை வெளியிட்டது. தொந்தரவு தரும் தெறிப்பு திரையில் இருக்கக் கூடாது என்று அதில் உள்ளது. அது முதலாளிமார் மீது வைக்கப்பட்ட கடமை. ஆனால் சந்தை வேறு பக்கம் போனது. 2006 இல் வந்த அப்பிள் மெக்புக் பளபளப்புத் திரையுடன் மட்டுமே விற்கப்பட்டது. 2024 இல் அதே நிறுவனம் தெறிப்புக் குறைந்த திரையைத் தனது மெக்புக் ப்ரோவுக்கு மேலதிகப் பணத்துக்குக் கொடுத்தது. விறாந்தையில் உழைக்கும் நமக்கு முதலாளி யாருமில்லை. நம் கண்ணைக் கவனிக்கும் கடமை நம்மிடமே இருக்கிறது.

கடைக்குப் போனால் இவற்றைச் செய்யுங்கள்:

கணனியை அணைக்கச் சொல்லித் திரையைப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரிந்தால் பளபளப்பு. கலங்கலாகத் தெரிந்தால் மெட். பெட்டியில் "என்டி கிளெயார்" என்று இருந்தால் பெரும்பாலும் மெட்தான். தொடுதிரைகள் பெரும்பாலும் பளபளப்பானவை.

பிறகு கணனியைக் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கடிதத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். வாசலடியில் வேலை செய்பவர்கள் 300 நிட்ஸுக்குக் குறையாததைக் கேளுங்கள்.

ஏற்கெனவே பளபளப்புத் திரை வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். யன்னல் முதுகுக்குப் பின்னாலோ முகத்துக்கு நேரேயோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்புங்கள். திரையின் அளவைச் சொல்லி மெட் ஸ்டிக்கரும் ஒட்டலாம். கடற்காற்றில் உப்பும் மணலும் படிவதால் உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். கணனியை அணைத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

தெறிப்பு கண்ணைக் குருடாக்காது. ஆனால் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதால் தலைவலியும் களைப்பும் வரும். நாற்பது தாண்டியவர்கள் எல்லாப் பழியையும் திரையில் போடாமல், வெள்ளெழுத்து வந்துள்ளதா என்று அரச வைத்தியசாலையில் கண்ணைக் காட்டுங்கள்.

வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னால் கடைக்காரர் சலித்துக்கொள்ளக் கூடும். தயங்காதீர்கள் சகோதரிகளே. காசும் நம்முடையது, கண்ணும் நம்முடையது.