வானத்தின் மீது வழக்கா?

கிரகணம் பிடித்தது, கேடு வந்தது. வால் நட்சத்திரம் தோன்றியது, மன்னன் மாண்டான். ஆகவே இரண்டுக்கும் உறவு உண்டு! சோதிடர்கள் காலங்காலமாகப் பாடிவரும் பாட்டு இது. பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் வரலாற்றுப் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, இந்தப் போருக்கு இந்தக் கிரகணம், அந்தப் பூகம்பத்திற்கு அந்தக் கிரகணம் என்று ஜோடி சேர்க்கின்றனர். கேட்பவன் வாயைப் பிளக்கிறான். தட்டில் காணிக்கை விழுகிறது.

நாம் ஒரு கணக்குக் கேட்கிறோம். ஓராண்டில் கிரகணம் எத்தனை? சூரிய கிரகணம் மட்டும் குறைந்தது 2. சில ஆண்டுகளில் 5 வரை. மங்கலாகத் தெரிகிற சந்திர கிரகணங்களையும் சேர்த்துக்கொண்டால் 4-க்குக் குறைந்த ஆண்டே கிடையாது. 7 வரை போவதும் உண்டு. அப்படியானால் உலகத்தின் எந்த மூலையில் எந்த நாளில் எது நடந்தாலும், அதற்கு முன்போ பின்போ மூன்று மாதத்துக்குள் ஒரு கிரகணம் இருந்தே தீரும். மில்லில் கதவடைப்பு என்றாலும் கிரகணம் உண்டு. மில் முதலாளி வீட்டுக் கல்யாணம் என்றாலும் அதே கிரகணம் உண்டு. முன்னதைக் கணக்கில் எழுதிக்கொண்டு பின்னதை மறைத்துவிடுவதுதான் சோதிடக் கலை!

வால் நட்சத்திரத்தின் கதையும் அப்படியே. 1066-ஆம் ஆண்டு இளவேனிலில் இங்கிலாந்து வானில் ஒன்று தோன்றிற்று. அக்டோபர் 14-ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் மன்னன் ஹெரால்டு மாண்டான். பார்த்தீர்களா, துர்க்குறி என்கின்றனர். அதே வால் நட்சத்திரத்தின் கீழ்தான் நார்மண்டியின் வில்லியம் கப்பலேறி வந்து முடி சூட்டிக்கொண்டான். அவனுக்கு அது என்ன குறி? அந்த வால் நட்சத்திரம் 1758-ன் கடைசியிலோ அதை ஒட்டியோ மீண்டும் வரும் என்று 1705-ல் எட்மண்ட் ஹாலி கணக்கிட்டுச் சொன்னார்; 1742-ல் இறந்துபோனார். 1758 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு அது வந்தது. முதலில் கண்டவர் சாக்சனி நாட்டைச் சேர்ந்த பாலிச் என்ற ஓர் உழவர். ஏர் பிடித்த கையால் தொலைநோக்கியும் பிடித்த அந்த மனிதரைப் பற்றி நம் பஞ்சாங்கங்களில் ஒரு வரி உண்டா?

கிரகணம் கேடு செய்ததே இல்லையா என்று கேட்கலாம். செய்ததாகச் சொல்லத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. அதைத் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

கி.மு. 413. சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரை முற்றுகையிடப் போன ஏதென்ஸ் படை தோற்றுச் சோர்ந்து கிடந்தது. காய்ச்சல் வேறு. ஊர் திரும்புவதென்று முடிவாகிக் கப்பல்களும் ஆயத்தமாயின. அன்று ஆகஸ்ட் 27. அந்த இரவில் முழு நிலவு இருண்டது. குறி சொல்வோர் கூடினர். மூன்று ஒன்பது நாட்கள், அதாவது 27 நாட்கள், நகரக் கூடாது என்றனர். தளபதி நிசியாஸ் குறி நம்பிக்கையில் ஊறியவன். அதற்குமேல் பேச்சே கிடையாது என்றுவிட்டான். பழியை அவன் ஒருவன் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது. படைவீரரில் பெரும்பாலோரும் "இருந்து போவோம்" என்றே கூவினர்.

எதிரிக்கு அந்த நாட்கள் போதும். துறைமுக வாயைக் கப்பல்களை வரிசையாக நிறுத்தி அடைத்தான். கடற்படை ஒழிந்தது. தரைவழியே தப்பப் பார்த்த படையும் சிக்கிற்று. நிசியாஸ் கொல்லப்பட்டான். சிறைப்பட்டவர்களில் 7,000 பேருக்குக் குறையாமல் கல்வெட்டுங் குழிகளில் தள்ளப்பட்டனர். மேலே கூரையில்லை; பகலில் வெயில், இரவில் குளிர், பக்கத்தில் பிணங்கள். நாளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், இரண்டு கிண்ணம் தானியம். இதை எழுதி வைத்தவர் தூசிடிடீஸ். தாமே தளபதியாயிருந்த ஏதென்ஸ்காரர். செய்தி ஊருக்கு எட்டியதும் மக்கள் குறி சொன்னவர்கள் மீது சீறிப் பாய்ந்தனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். சீறி என்ன பயன்? போன பிள்ளைகள் வரவா போகிறார்கள்?

இதில் கொடுமை வேறொன்று. நிலவு இருள்வது பூமியின் நிழலால் என்பதை அதே ஏதென்ஸ் நகரில் இருந்துகொண்டு ஒரு தலைமுறைக்கு முன்பே சொன்னவர் அனக்சகோரஸ். சூரியன் கடவுள் அல்ல, பழுக்கக் காய்ந்த கல் என்றும் சொன்னார். அவர் மீது தெய்வ நிந்தனை வழக்குத் தொடுத்து ஊரைவிட்டே ஓட்டினர். உண்மை சொன்னவன் வெளியே. குறி சொன்னவன் படைக்குள்ளே!

நம் நாட்டுக்கு வருவோம். பூமியின் நிழலும் நிலவின் நிழலுமே கிரகணம் என்று ஆரியபட்டர் 499-லேயே எழுதிவிட்டார். ராகுவை மறுத்ததற்காக அவரைப் பின்னாளில் கண்டித்தவர் பிரம்மகுப்தர். கிரகணத்தை நிழற்கணக்குக் கொண்டே கச்சிதமாகக் கணித்தவரும் அவரே! கணக்குக்கு நிழல், ஊருக்கு ராகு. இந்த இரட்டை நாக்கு அன்று தொட்டு வருகிறது. இன்றும் கிரகண நேரத்தைப் பஞ்சாங்கக்காரர் கணக்குப் போட்டுத்தான் அச்சிடுகிறார். பாம்பைக் கேட்டு அல்ல.

1962 பிப்ரவரி 3, 4, 5 தேதிகளில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, கூடவே சூரிய கிரகணமும் சேர்கிறது, உலகம் அழியும் என்றார்கள். எட்டாவது கிரகம் கேது. எந்தத் தொலைநோக்கியிலும் அகப்படாத கிரகம்! யாகம் என்ன, பஜனை என்ன, நெய் குடம் குடமாக நெருப்பில் போனது என்ன! மூன்று நாளும் கழிந்தன. ஒன்றும் நடக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 20-ல் சீனப் போர் மூண்டதும், "அன்று சொன்னோமே!" என்று கிளம்பியவர்கள் உண்டு. அக்சாய் சின் வழியே சீனா சாலை போட்டு முடித்தது 1957-ல். கொங்கா கணவாயில் நம் காவலர்கள் சுடப்பட்டு மாண்டது 1959-ல். இவையெல்லாம் எந்தக் கிரகச் சேர்க்கையின் வேலை?

1999 ஆகஸ்ட் 11-ல் முழுச் சூரிய கிரகணம் துருக்கி நாட்டின் மீது சென்றது. ஆறாம் நாள், ஆகஸ்ட் 17, விடியற்காலை 3 மணிக்கு இஸ்மித் பகுதியில் நிலம் நடுங்கியது. 17,000 பேருக்கு மேல் மாண்டனர். சோதிடர்களுக்கு இதைவிட வாய்ப்பு வேறென்ன வேண்டும்? ஆனால் இடிந்த வீடுகளைப் போய்ப் பாருங்கள். சிமெண்டு குறைவு, கம்பி குறைவு, கலவையில் கடல் மணல், சிப்பி ஓடுகூட அப்படியே கிடந்தது. அந்த நிலப்பிளவு 1939 முதல் கிழக்கிலிருந்து மேற்காக அடுத்தடுத்து வெடித்து வந்தது. அடுத்த ஆபத்து இஸ்மித் பக்கம் என்று 1997-ல் ஆய்வாளர்கள் அச்சிலேயே எழுதியிருந்தனர். கேட்பார் இல்லை. வாடகை வீட்டில் தூங்கிய தொழிலாளி கூரையோடு புதைந்தான். கிரகணம்தான் கொன்றது என்றால் அந்தக் கான்டிராக்டரைக் கேட்க வேண்டாம், அனுமதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரியைக் கேட்க வேண்டாம், எச்சரிக்கையை மதிக்காத அரசாங்கத்தைக் கேட்க வேண்டாம்! வானத்தின் மீது வழக்குத் தொடுத்தால் பூமியில் உள்ளவனெல்லாம் விடுதலை. சோதிடத்திற்கு மேலிடத்து ஆதரவு எப்போதும் இருப்பது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

2019 டிசம்பர் 26-ல் கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்த அதே காலையில், கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர். ஊனம் நீங்குமாம்! பெற்றவர்களைத் திட்டிப் பயனில்லை. மருத்துவம் எட்டாத ஏழைகள் மண்ணைத் தோண்டினார்கள். நம் தெருக்களிலும் கிரகணம் என்றால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை இருட்டறையில் பூட்டி, சோறு தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் கிடத்துகிற வீடுகள் இருக்கின்றன. தோழர் வீடுகளும் இதில் சேர்த்தி என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

அடுத்த கிரகணத்தன்று அவளுக்கு வேளைக்குச் சோறு போடுங்கள், தண்ணீர் கொடுங்கள். சூரிய கிரகணமானால் வெறுங்கண்ணால் மட்டும் பார்க்க வேண்டாம், விழித்திரை வெந்துவிடும்; அதற்கென்று விற்கும் கண்ணாடியை மன்றத்தில் நாலைந்து வாங்கி வைத்து, தெருப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் காட்டுங்கள்.