பையில் 28 கட்டங்கள்

ஒன்லைன் விளையாட்டு என்றால் நம் வீடுகளில் இரண்டே பேச்சுத்தான். "கண் கெட்டுப் போகும், படிப்பும் கெட்டுப் போகும்" என்பார்கள் பெற்றோர். "எல்லாரும்தானே விளையாடுறாங்க" என்போம் நாங்கள். அந்த விளையாட்டுக்குள் பிள்ளை என்ன செய்கிறாள் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. ஆகவே நான் அதன் ஒரு சிறிய பகுதியை மட்டும் எடுத்து எழுதுகிறேன். புதிதாக விளையாட வந்த ஒருத்தி தன் பையில் எதை எடுத்து வைக்கிறாள், எதை விட்டுவிட்டு வருகிறாள், யாருக்கு எதைக் கொடுக்கிறாள் என்பதே அது. அந்தப் பையைப் பார்த்தால் அந்த விளையாட்டு அவளை எப்படி நடத்துகிறது என்பதைப் பெருமளவு சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. அதனால்தான் அந்தப் பை வீட்டில் மறைக்கப்படாமல் திறந்திருக்க வேண்டும் என்கிறேன்.

எனக்குத் தெரிந்த விளையாட்டையே உதாரணமாகக் கொள்கிறேன். அதன் பெயர் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜாகெக்ஸ் நிறுவனம் அதை நடத்துகிறது. ரூன்ஸ்கேப் முதலில் 2001இல் வெளிவந்தது. அதன் 2007ஆம் ஆண்டு வடிவத்தை மீண்டும் எடுத்து, 2013இல் 'ஓல்ட் ஸ்கூல்' என்ற பெயரில் தனியாகத் தொடங்கினார்கள். 2018 முதல் கைத்தொலைபேசியிலும் விளையாடலாம். மாதக் கட்டணம் கட்டுவோருக்குக் கூடுதல் வசதிகள் உண்டு, கட்டாமலும் விளையாடலாம். பல நாட்டவர்கள் ஒரே உலகத்தில் நடமாடுவார்கள். மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சமைக்கலாம், பூதங்களோடு சண்டையும் பிடிக்கலாம். சண்டையில் விழுந்த எதிரி விட்டுப்போகும் பொருட்களைத்தான் 'லூட்' என்கிறார்கள்.

இந்த விளையாட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு பைதான். குறுக்கே நான்கு, கீழ்நோக்கி ஏழு, மொத்தம் 28 கட்டங்கள். நாணயங்கள், அம்புகள் போன்றவை எத்தனை ஆயிரம் இருந்தாலும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். ஆனால் ஒரு மீனுக்கு ஒரு கட்டம், ஒரு வாளுக்கு ஒரு கட்டம், ஓர் எலும்புக்கும் ஒரு கட்டம் வேண்டும். சுமை கூடினால் ஓடும் தெம்பும் சீக்கிரம் குறையும். பை நிரம்பினால் வங்கிக்குப் போய்ப் பொருளை வைத்துவிட்டு வர வேண்டும். புதியவர்கள் தொடங்கும் லம்பிரிட்ஜ் ஊரில் அந்த வங்கி கோட்டையின் மேல்மாடியில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் படியேறத்தான் வேண்டும்.

லம்பிரிட்ஜுக்கு அருகில் மாடுகள் மேயும் ஒரு வெளி உண்டு. புதியவர்கள் அநேகமாக அங்கேதான் சண்டை பழகுவார்கள். ஒரு மாடு விழுந்தால் எலும்பு, பச்சை இறைச்சி, தோல் என்று மூன்று பொருட்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் பொறுக்கினால் ஒன்பது மாடுகளோடு 27 கட்டங்கள் நிரம்பிவிடும். தோலை மட்டும் எடுத்தால் 28 மாடுகள் வரை அங்கேயே நிற்கலாம். எலும்பை அந்த இடத்திலேயே புதைத்தால் ஒரு திறமைக்குக் கொஞ்சம் புள்ளியும் கிடைக்கும், கட்டமும் காலியாகும். ஆகவே எல்லாவற்றையும் பொறுக்குகிறவள் பாதி நேரம் கோட்டைப் படிகளில்தான் இருப்பாள். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. பையே சொல்லிக் கொடுத்துவிடும்.

புதிதாக விளையாடும் தோழிகளுக்கு நான் சொல்வது நான்கு விடயங்கள்தான். புறப்படுமுன் பையைக் காலி செய்து, போகும் வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் பிடிக்கப் போகிறவளுக்குக் கோடரி எதற்கு? இரண்டாவது, எதைப் பொறுக்குவது என்பதைச் சண்டைக்கு முன்னரே தீர்மானியுங்கள். நிலத்தில் பொருள் கிடக்கும்போது யோசித்தால் கை தானாகவே எடுத்துவிடும். மூன்றாவது, பெயரையும் பளபளப்பையும் பார்க்காமல் விலையைப் பாருங்கள். வெரொக் நகரில் 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெரிய சந்தை இருக்கிறது. விளையாடுகிறவர்களே அங்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள். பார்வைக்கு அழகான வெண்கல வாளுக்கு அங்கே பெரிதாக மதிப்பில்லை. ஆனால் மாட்டுத்தோலைப் பதனிட்டுக் கைவினைக்குப் பயன்படுத்துவதால் அதை வாங்க ஆளுண்டு. நான்காவது, சந்தைக்கு நிறையப் பொருள் கொண்டு போவதானால் வங்கியில் 'நோட்' ஆக எடுங்கள். ஆயிரம் தோலும் ஒரு துண்டுக் கடதாசியாக ஒரே கட்டத்தில் அடங்கும். அந்தக் கடதாசியை விற்கலாம், ஆனால் அதைக் கொண்டு எதையும் தைக்க முடியாது. மீனை நோட்டாக எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனால் பசியோடுதான் நிற்க வேண்டும்.

நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கிறேன். பொருளியலில் அமையச் செலவு என்று ஒன்று படிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகின்ற அடுத்த சிறந்த வாய்ப்புத்தான் அது. எலும்பை வைத்திருக்கும் கட்டத்தின் அமையச் செலவு, அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய தோல். எங்கள் வாப்பா ஒரு சிறிய புடவைக்கடை வைத்திருக்கிறார். பெருநாள் முடிந்து மிஞ்சும் துணியைப் பற்றி அவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "ராக்கையில கிடக்கிற துணி காசில்ல மகள், அது இடத்த அடைச்சிக்கிட்டிருக்கிற காசு." விளையாட்டைப் பற்றி வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 28 கட்டப் பையைக் கொடுத்தால் அவர் என்னைவிட நன்றாக அடுக்குவார் என்று நினைக்கிறேன்.

இதற்காக, விளையாடினால் கணக்கீட்டில் புள்ளி கூடும் என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு அப்படி எதுவும் கூடவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் எங்களுக்கு நேரம் பற்றிய பெற்றோரின் பயம் நியாயமானது. பை நிரம்பியதும் "இன்னும் ஒரு தடவை போய் வருவோம்" என்று தோன்றுவதும் உண்மை. நான் வெள்ளி, சனி பின்னேரங்களில் மட்டும் விளையாடுகிறேன். பை ஒரு தடவை நிரம்பி வங்கியில் வைத்ததோடு நிறுத்திவிடுவேன். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவதைவிட இது எனக்கு இலகுவாக இருக்கிறது. ஏனென்றால் அந்த இடத்தில் ஒரு வேலை உண்மையிலேயே முடிந்திருக்கிறது.

ஆனால் நேரத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பையில் பெறுமதியான பொருள் சேர்ந்ததும் அதைக் கேட்டு ஆள் வரும். அந்த உலகில் பழைய தந்திரங்கள் சில இருக்கின்றன. "உன் கவசத்துக்குத் தங்க ஓரம் போட்டுத் தருகிறேன், கொடு" என்று ஒருவர் சொல்வார். தங்க ஓரக் கவசம் அந்த விளையாட்டில் புதையல் தேடும் பயணங்களின் பரிசாக வருவது. இன்னொருவருடைய கவசத்துக்கு ஓரம் போடும் திறமை யாருக்குமே இல்லை. "காசைத் தா, இரட்டிப்பாகத் தருகிறேன்" என்று இன்னொருவர் சொல்வார். சிறிய தொகைக்கு இரண்டு தடவை இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டு, பெரிய தொகை வந்ததும் மறைந்துவிடுவார். பண்டமாற்றுச் செய்யும்போது விளையாட்டு இரண்டு திரைகளைக் காட்டும். நீ கொடுப்பது இது, பெறுவது இது, சம்மதமா என்று இரண்டாவது திரையில் மீண்டும் கேட்கும். அந்த இரண்டாவது திரையை வாசிக்காமல் சம்மதம் சொல்லக்கூடாது. "திரை வேண்டாம், நிலத்தில் போடு" என்று ஒருவர் சொன்னாலே அவரை விட்டு விலகிவிட வேண்டும்.

என் சாச்சியின் மகளுக்குப் பதின்மூன்று வயது. பல வாரங்கள் சேர்த்து வாங்கிய கவசத்தை ஒருவர் இப்படித்தான் வாங்கிக்கொண்டு போனார். போனவர் மறுநாள் திரும்பி வந்து, "கடவுச்சொல்லைத் தந்தால் கவசத்தை உன் வங்கியில் வைத்துவிடுகிறேன்" என்றிருக்கிறார். அவள் எனக்கு இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்பினாள். "ராத்தா, உம்மாக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க." ஏனென்றால் அவள் விளையாடுவதே சாச்சிக்குத் தெரியாது. கவசம் போன கவலையைவிட, போன் பறிபோகும் பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அந்த ஆளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அவருக்கு வசதியாக இருந்தது அந்தப் பயம்தான்.

அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கு நான்கு இலக்க இரகசிய எண்ணும் போட்டோம். அடுத்த நாள் நானும் அவளோடு போய்ச் சாச்சியிடம் சொன்னோம். சாச்சி முதலில் கேட்டது, "எவ்வளவு காசு போச்சு?" உண்மைக் காசு ஒன்றும் போகவில்லை என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இரண்டாவதாகக் கேட்டார். "அவன் வேற என்னெல்லாம் கேட்டான்?" அந்த இரண்டாவது கேள்விதான் கேட்க வேண்டிய கேள்வி. கவசத்தைக் கேட்கிறவர் நாளை புகைப்படத்தைக் கேட்கலாம், தொலைபேசி இலக்கத்தைக் கேட்கலாம். ஒளித்து விளையாடும் பிள்ளைக்கு அப்போது ஓடிப்போய்ச் சொல்ல இடமில்லை.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. எல்லா விளையாட்டும் பையை ஒரே மாதிரி நடத்துவதில்லை. சில விளையாட்டுகள் இடத்தையே விற்கின்றன. நியூசிலாந்தில் உருவான 'பாத் ஒஃப் எக்ஸைல்' இலவசமாக விளையாடக்கூடியது. ஆனால் பொருட்களை வைக்கும் பெட்டகத்துக்குக் கூடுதல் தட்டுகள் வேண்டுமானால் உண்மைக் காசு கொடுக்க வேண்டும். அங்கே இடப்பற்றாக்குறையும் ஒரு வியாபாரப் பொருள்தான். இன்னும் சில விளையாட்டுகள் லூட்டையே மூடிய பெட்டியில் வைத்து விற்கின்றன. காசு கொடுத்துத் திறந்த பின்னர்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். இதற்குப் பெயர் 'லூட் பொக்ஸ்'. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, சில பிரபல விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகள் அந்த நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று முடிவு செய்தது. நான் புகழ்ந்து எழுதும் ரூன்ஸ்கேப்பும் இந்தப் பேச்சுக்கு வெளியே இல்லை. வளர்ந்த மகன் ஒருவர் ரூன்ஸ்கேப்பில் செலவு செய்தே 50,000 பவுணுக்கு மேல் கடனாளியானார் என்று குடும்பத்தவர் ஒருவர் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவுக்குத் தெரிவித்தது, 2019இல் வெளியான அதன் அறிக்கையில் இருக்கிறது. ஆகவே "இது நல்ல விளையாட்டு" என்று பெயரைச் சொல்லி யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பைக்குள் பொருள் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். உழைத்து வந்ததா, சந்தையில் வாங்கியதா, வாப்பாவின் வங்கி அட்டையிலிருந்து வந்ததா?

தோழிகளே, விளையாடுவதை ஒளிக்காதீர்கள். ஒளித்து விளையாடுகிறவளின் பொருளைத்தான் இலகுவாகப் பறிக்கலாம். இந்த விளையாட்டில் சாதாரணமாக இறந்துபோனால் ஆகப் பெறுமதியான மூன்று பொருட்கள் நம்மோடு வரும். மீதியைக் கல்லறையிலிருந்து 15 நிமிடத்துக்குள் போய் எடுக்க வேண்டும். அதனால்தான் தேர்ந்தவர்கள் இழந்தால் அழ வேண்டியதை ஆபத்தான இடத்துக்குக் கொண்டு போவதில்லை. நம் பெயர், படம், பாடசாலை, கடவுச்சொல் ஆகியவையும் அப்படியே. அவற்றை அந்த உலகத்துக்குள் கொண்டு போகவே கூடாது.

பெற்றோரே, தடை செய்வது உங்கள் உரிமை. ஆனால் தடை செய்யுமுன் ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள். விளையாட்டின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இன்றைக்குப் பையில் என்ன இருக்கிறது? எதை எடுக்காமல் விட்டுவிட்டு வந்தாய்? யாராவது உன்னிடம் ஏதாவது கேட்டார்களா? முதல் இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் மகள் ஆசையோடு, உங்களுக்குச் சலித்துப்போகும் அளவுக்குப் பதில் சொல்வாள். அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுவிடுங்கள். அப்போதுதான் மூன்றாவது கேள்விக்கும் அவள் உண்மையைச் சொல்வாள்.